‘ஆமா’வில் டிக் போடுவதற்கு முன்

18 மாத ஊசிக்காக அரசாங்கக் கிளினிக்கில் நம்பர் எடுத்து உட்கார்ந்திருக்கும்போதுதான் பல வீடுகளில் அந்தத் தாள் முதல் தடவையாகக் கைக்கு வருகிறது. மடியில் பிள்ளை நெளிகிறது. பக்கத்தில் பாட்டி பால் புட்டியைத் தேடுகிறார். காரை எடுக்கச் சொல்கிறார்கள் என்று அப்பா வெளியிலிருந்து போன் செய்கிறார். மிஸ்ஸி (தாதி) பேனாவை நீட்டி, “இதக் கொஞ்சம் நிரப்பிக் குடுத்துருங்க” என்கிறார். தாள் மலாயில் இருக்கிறது. இருபது சொச்சம் கேள்வி, மூன்று நிமிடம், ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ‘யா’, அதாவது ‘ஆமா’. பிள்ளைக்கு ஆட்டிசம் (பழகுதலிலும் பேச்சிலும் தெரியும் வளர்ச்சி வேறுபாடு) இருக்கலாமா என்று பார்க்கும் அளவாகக் கோப்பில் ஏறுவது அதுதான்.

ஆட்டிசத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. டாக்டர்களுக்கு உள்ள வழி இரண்டே: பிள்ளையை நேரில் பார்ப்பது, பிள்ளையோடு வாழ்கிறவர்களைக் கேட்பது. கேள்வித்தாள் இரண்டாவது வகை. தராசு பிள்ளையை நிறுக்கும். இந்தத் தாள் நிறுப்பது பிள்ளையைப் பார்த்த நம் கண்ணையும் நம் ஞாபகத்தையும் சேர்த்துத்தான். பதில் போடுகிறவர் மாறினால், மொழி மாறினால், மனநிலை மாறினால் எண் மாறும். அப்படி எங்கெங்கே மாறுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிழையைத் தடுத்துவிடலாம். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தமிழ்க் குடும்பங்கள் இந்தத் தாள்களை நிரப்பும்போது திரும்பத் திரும்பக் காணும் இடறல்கள்தாம் இங்கே வருபவை.

எந்தத் தாள், எந்த வயதுக்கு

முதலில் தாளின் பெயரைப் பாருங்கள். எம்-சாட் (M-CHAT) என்பது கிளினிக்கில் கைக்கு வரும் அந்தத் தாள், தவழ்ந்து நடக்கத் தொடங்கிய சின்னப் பிள்ளைகளுக்கானது. அதன் திருத்தப்பட்ட வடிவம் எம்-சாட்-ஆர், 16 முதல் 30 மாதம் வரை. பழகுதலையும் பேச்சையும் கேட்கும் எஸ்.சி.கியூ. (SCQ) நான்கு வயதுக்கு மேல். மற்றவர்களோடு பழகுவதை அளக்கும் எஸ்.ஆர்.எஸ்-2 (SRS-2) இரண்டரை வயதிலிருந்து பெரியவர்கள் வரைக்கும் உண்டு, ஆனால் வயதுக்கு ஏற்ப வேறு வேறு படிவம். ஏடெக் (ATEC) என்பது ஆட்டிசம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அல்ல, ஏற்கெனவே தெரிந்த பிள்ளையின் மாற்றத்தைப் பின்தொடர.

நான்கு வயதுப் பிள்ளைக்கு இணையத்தில் எம்-சாட் போட்டுப் பார்த்துவிட்டு, “ஒரு மார்க்தான் வந்துச்சு, ஒண்ணும் இல்ல” என்று நிம்மதியாகிவிடும் பெற்றோர் நிறைய. அந்தக் கேள்விகள் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு வைத்த பந்தயக் கம்பம். நான்கு வயதில் அதைத் தாண்டுவது பெரிய சேதி இல்லை. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளும் நான்கு வயதில் விரல் நீட்டுவார்கள், கூப்பிட்டால் திரும்புவார்கள். அந்த வயதில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

எம்-சாட்டிலேயே இன்னொரு குழப்பம் உண்டு. 2001-ல் வந்த பழைய தாளில் 23 கேள்விகள். அதில் ஆறு கேள்விகளை முக்கியமானவை என்று பிரித்து, அவற்றில் இரண்டு தவறினாலோ (அதாவது கவலை தரும் பதில் வந்தாலோ) மொத்தத்தில் மூன்று தவறினாலோ மேலே பார்க்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். திருத்திய தாளில் 20 கேள்விகள், முக்கியக் கேள்வி என்ற பிரிவே இல்லை. பழைய தாளை நிரப்பிவிட்டுப் புதிய தாளின் விதிப்படி எண்ணினால் கணக்கு அடியோடு தப்பும், ஏனென்றால் ‘ஆமா’ என்றால் கவலை என்று தலைகீழாக எண்ண வேண்டிய கேள்விகள் இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. பழையதில் 11, 18, 20, 22. புதியதில் 2, 5, 12. தாளில் மொத்தம் எத்தனை கேள்வி என்று எண்ணிவிட்டுத்தான் மற்ற வேலை.

எம்-சாட்டில் இடறும் இடங்கள்

தாளின் தலையில் ஒரு குறிப்பு இருக்கும்; யாரும் படிப்பதில்லை. பிள்ளை ஒரு காரியத்தைச் சில தடவை செய்து பார்த்திருக்கிறீர்கள், ஆனால் வழக்கமாகச் செய்வதில்லை என்றால் ‘இல்லை’ என்று போடச் சொல்கிறது அது. நம் ஆட்களுக்கு இது மனசுக்கு ஒப்பாத விதி. போன மாதம் பெரியம்மா வீட்டில் ஒரே ஒரு தடவை ஃபேனைக் காட்டினான் அல்லவா, அதை ஏன் விட்டுக்கொடுப்பது? பாட்டி பக்கத்தில் இருந்தால் “செய்வான், செய்வான்” என்று அடித்துச் சொல்வார். பேரப்பிள்ளையைக் குறைத்துச் சொன்னால் கண் பட்டதைவிட மோசம் என்று நினைக்கிற தலைமுறை. ஆனால் தாள் கேட்பது முடியுமா என்பதை அல்ல, வழக்கமாகச் செய்கிறதா என்பதை.

அடுத்த இடறல் நம் மொழியிலேயே இருக்கிறது. மலாய்க் கேள்வியை மிஸ்ஸியோ கணவரோ தமிழில் வாய்வழியாகச் சொல்லும்போது அது பெரும்பாலும் எதிர்மறைக் கேள்வியாக மாறிவிடும். “பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறானா?” என்பது, கேட்கிறவருக்குச் சந்தேகம் இருந்தால், “கூப்பிட்டா திரும்பமாட்டானா?” என்று வந்துவிடும். அம்மா “ஆமா” என்பார். அவர் சொன்ன பொருள் ‘ஆமாம், திரும்பமாட்டான்’. பேனா போடும் டிக் ‘யா’வில். தாளின்படி பிள்ளை திரும்புகிறது. இந்த ஒரு தப்பு மூன்று நான்கு கேள்விகளில் நடந்தால் பிள்ளை சல்லடையிலிருந்து நழுவிவிடும். அதனால் வாய்வழியாகக் கேட்கிறவர் ‘ஆமா இல்லை’ என்ற பதிலோடு நிறுத்தக் கூடாது. “திரும்புவான்” அல்லது “திரும்பமாட்டான்” என்று முழு வினைச்சொல்லாகப் பதில் வாங்கி, அதற்கப்புறம் டிக் போட வேண்டும்.

விரல் நீட்டுவது பற்றி இரண்டு கேள்விகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று, வேண்டியதைக் கேட்பதற்காக நீட்டுவது. இன்னொன்று, சும்மா காட்டுவதற்காக நீட்டுவது. பலர் இரண்டும் ஒன்றுதான், தாளில் தப்பாக இரண்டு தடவை வந்துவிட்டது என்று நினைத்து ஒரே பதிலைப் போடுகிறார்கள். ஆட்டிசத்தில் இந்த இரண்டாவதுதான் அதிகம் தேடப்படுவது. மேலே பறக்கிற விமானத்தைக் காட்டி, அம்மா பார்க்கிறாரா என்று திரும்பி முகத்தையும் பார்க்கிற பிள்ளை, கிடைப்பதற்கு எதுவும் இல்லாத ஒரு சந்தோஷத்தைப் பங்குபோட்டுக்கொள்கிறது. பிஸ்கட் டின்னைக் காட்டுகிற விரல் அது அல்ல. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய் ஃபிரிட்ஜ் கதவில் வைப்பது இரண்டிலும் சேராது. அங்கே அம்மாவின் கை ஒரு கரண்டி மாதிரி, அவ்வளவுதான்.

இதைச் சோதிக்க நம் வீட்டிலேயே பழைய வழி இருக்கிறது. நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவது. அடுக்குமாடி பால்கனியில் நின்று “அதோ பாரு நிலா” என்று விரலை நீட்டினால் பிள்ளை எங்கே பார்க்கிறது? நிலாவையா, விரல் நுனியையா, கிண்ணத்தையா, எதையுமே இல்லையா? ஒருநாள் பார்த்தால் போதாது. வாரத்தில் நான்கைந்து தடவை, வேறு வேறு பொருளைக் காட்டிப் பாருங்கள். பகலில் அறையின் மறுகோடியில் உள்ள கடிகாரம் போதும்.

பேர் சொல்லிக் கூப்பிடும் கேள்விக்கு வருவோம். பிறப்புப் பத்திரத்தில் நீளமான பெயர், வீட்டில் பாப்பா, தாத்தாவுக்குக் குட்டி, பராமரிப்பு மையத்தில் பெயரின் முதல் பாதி. பிள்ளைக்கு எது பழக்கமோ அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது பிள்ளை கைப்பேசியில் மூழ்கியிருக்கக் கூடாது. அந்த நேரத்தில் பெரியவர்களே திரும்புவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது, பார்வைக்கு வெளியே நின்று, தொடாமல், கைதட்டாமல், முறுக்குப் பொட்டலத்தைக் கசக்காமல், குரலால் மட்டும் கூப்பிட்டுப் பாருங்கள். பொட்டலச் சத்தத்துக்கு ஓடி வருகிற பிள்ளை பேருக்குத் திரும்பவில்லை என்றால் அந்த இரண்டையும் சேர்த்து எழுதிவையுங்கள். காது கேட்கிறது என்பதற்கு ஒரு குறிப்பும், பேருக்குப் பதில் இல்லை என்பதற்கு ஒரு குறிப்பும் அதில் கிடைக்கும். ஆனாலும் செவித்திறன் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. சில அலைவரிசை கேட்டுச் சில கேட்காத பிள்ளைகள் உண்டு.

சொன்னதைப் புரிந்துகொள்கிறதா என்ற கேள்வியில் பெற்றோர் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்வது அதிகம். “செருப்ப எடுத்துட்டு வான்னா எடுத்துட்டு வருவான்.” வரும். கார் சாவி கையில் இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, அம்மாவின் கண் செருப்பின் மேல் இருக்கிறது, கையும் அங்கேதான் நீள்கிறது. வார்த்தையே தேவையில்லை. சூழல் எதுவும் உதவாத நேரத்தில், கை கட்டிக்கொண்டு, பொருளைப் பார்க்காமல், “போர்வையக் கொண்டா” என்று சொல்லிப் பாருங்கள். பதில் அப்போது வேறாக இருக்கலாம்.

சத்தம் பற்றிய கேள்வி அன்றாடச் சத்தத்தைக் கேட்கிறது. மிக்சி, குக்கர் விசில், வேக்கம் கிளீனர், டாய்லெட் ஃப்ளஷ். தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் உறுமி மேளத்துக்கு அழுததையும், சீனப் புத்தாண்டுச் சரவெடிக்குக் கட்டிலுக்கடியில் போனதையும் இதில் சேர்க்காதீர்கள். அங்கே பெரியவர்களும் காதைப் பொத்துகிறார்கள்.

மற்றப் பிள்ளைகள் மேல் ஆர்வம் உண்டா என்ற கேள்விக்கு அண்ணன் தம்பியைக் கணக்கில் எடுக்காமல் பதில் சொல்லுங்கள். பாவனை விளையாட்டு என்றால் சொப்புச் சட்டியில் இல்லாத சோற்றைக் கிண்டிப் பொம்மைக்கு ஊட்டுவது, வாழைப்பழத்தைக் காதில் வைத்து “ஹலோ” என்பது. உண்மையான கைப்பேசியில் யூடியூபைத் தட்டித் திறப்பது கெட்டிக்காரத்தனம்தான், பாவனை அல்ல. “சாமி கும்பிடு”, “டாட்டா சொல்லு” என்று கேட்டால் செய்வதும் பழக்கிவைத்த வித்தையாக இருக்கலாம். யாரும் சொல்லாமலே பாட்டி கும்பிடுவதைப் பார்த்துத் தானும் கைகூப்புகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

எண்ணும் முறை

எம்-சாட்-ஆர் தாளில் தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புள்ளி. ஆட்டிசத்துக்கான வாய்ப்பு 0 முதல் 2 வரை குறைவு, 3 முதல் 7 வரை நடுத்தரம், 8 முதல் 20 வரை அதிகம். நடுத்தரம் வந்தால் தொடர் கேள்விகள் என்ற இரண்டாம் கட்டம் ஒன்று உண்டு. தவறிய ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து, எடுத்துக்காட்டுகளோடு துருவிக் கேட்பது. ஐந்து பத்து நிமிட வேலை. கூட்டம் நிறைந்த கிளினிக்குகளில் இது எளிதில் விடுபட்டுப் போகும். விடுபட்டால் கேட்டு வாங்குங்கள்.

கணக்கு எப்படி ஓடுகிறது என்று ஒரு மாதிரியைப் பார்ப்போம். 6, 7, 9, 16-ஆம் கேள்விகளுக்கு ‘இல்லை’, சத்தம் பற்றிய 12-க்கு ‘ஆமா’. மொத்தம் ஐந்து. துருவிக் கேட்டபோது 12 என்பது தீபாவளிப் பட்டாசைப் பற்றி என்று தெரிகிறது, அது கழிகிறது. 9-ல், பொம்மையைக் கொண்டுவந்து காட்டுவது உண்டு, அம்மாவுக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை, அதுவும் கழிகிறது. மிச்சம் மூன்று. இரண்டாம் கட்டத்துக்குப் பிறகு இரண்டோ அதற்கு மேலோ நின்றால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆக இந்தப் பிள்ளை போக வேண்டும். எட்டு அல்லது அதற்கு மேல் வந்தால் இரண்டாம் கட்டத்துக்குக் காத்திருக்கவே தேவையில்லை, நேரே அனுப்பலாம்.

அனுப்பினால் ஆட்டிசம் என்று அர்த்தமா? 2014-ல் அமெரிக்காவில் 16,071 பிள்ளைகளை வைத்து வெளியான ஆய்வில், இரண்டு கட்டத்திலும் தவறி மேல் பரிசோதனைக்குப் போனவர்களில் 47.5 சதவீதத்தினருக்கு ஆட்டிசம் உறுதியானது. ஆனால் ஏதாவது ஒரு வளர்ச்சித் தாமதமோ கவலைக்குரிய விஷயமோ இருந்தவர்கள் 94.6 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதல் எண்ணை மட்டும் பார்த்து, “பாதிப் பேருக்கு இல்லயாமே” என்று வீட்டுக்குப் போய்விட்டால், பேச்சுப் பயிற்சியோ செவிப் பரிசோதனையோ தேவைப்படுகிற பிள்ளைக்கு ஒரு வருடம் போய்விடும். “அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினாரு” என்ற வாக்கியத்துக்கு இந்த நாட்டில் எத்தனை பிள்ளைகளின் எத்தனை மாதங்கள் போயிருக்கின்றனவோ.

குறைவு என்று வந்தாலும், பிள்ளைக்கு இரண்டு வயது ஆகவில்லை என்றால் இரண்டாவது பிறந்தநாளுக்குப் பிறகு இன்னொரு தடவை நிரப்ப வேண்டும். 18 மாதத்தில் வந்த சில வார்த்தைகள் அதற்கப்புறம் நின்றுபோகும் பிள்ளைகள் உண்டு. இருந்த பேச்சு குறைந்தால் எந்தத் தாளுக்கும் காத்திருக்க வேண்டாம்.

பெரிய பிள்ளைகளின் தாள்

எஸ்.சி.கியூ. தாளில் 40 கேள்விகள், எல்லாமே ஆமா இல்லைதான், பத்து நிமிடத்தில் முடியும். முதல் கேள்வி பிள்ளை சொற்றொடராகப் பேசுகிறதா என்பது. அதற்கு மதிப்பெண் கிடையாது. பேசாத பிள்ளைக்கு அடுத்த ஆறு பேச்சுக் கேள்விகளைத் தாண்டிவிட வேண்டும். தாண்டாமல் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டு வைத்திருப்பதைப் பார்க்கலாம். 15 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவான பரிசோதனை என்பது வழக்கமான எல்லை. இதில் இரண்டு வடிவம் உண்டு: வாழ்நாள் முழுவதையும் கேட்பது, கடந்த மூன்று மாதத்தைக் கேட்பது. வாழ்நாள் வடிவத்தின் பின்பாதிக் கேள்விகள் நான்காம் பிறந்தநாளுக்கும் ஐந்தாம் பிறந்தநாளுக்கும் இடைப்பட்ட அந்த ஒரு வருடத்தைத்தான் கேட்கின்றன.

பத்து வயதுப் பிள்ளையின் அம்மாவிடம் ஆறு வருடத்துக்கு முந்தியதைக் கேட்டால் எப்படி? மாதத்தை வைத்து யோசிக்காதீர்கள், சம்பவத்தை வைத்து யோசியுங்கள். அப்போது எந்த வீட்டில் இருந்தீர்கள், பாலர் பள்ளியில் சேர்த்தாயிற்றா, தம்பி பிறந்துவிட்டானா. கைப்பேசியில் அந்த வருடப் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு நிரப்புவது இன்னும் நல்லது. அந்த வருடம் எம்.சி.ஓ. என்ற கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் விழுகிறது என்றால் அதை ஓரத்தில் எழுதுங்கள். 2020 மார்ச் 18-க்குப் பிறகு மாதக்கணக்கில் வேறு பிள்ளையின் முகத்தையே பார்க்காத பிள்ளைக்கு, மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடியதா என்ற கேள்விக்கு வரும் ‘இல்லை’யின் எடை வேறு.

இந்தத் தாளில் ‘நான்’, ‘நீ’ மாறிப்போகிறதா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. தமிழ் வீட்டில் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். நாம் சின்னப் பிள்ளையிடம் ‘நீ’ என்று பேசுவதே குறைவு. “பாப்பா சாப்டாச்சா?”, “தம்பிக்குத் தூக்கம் வருதா?” என்றுதான் கேட்கிறோம். பிள்ளையும் “பாப்பாக்குப் பசிக்குது” என்று தன்னைப் பற்றிச் சொல்லும். இது கற்றுக்கொடுத்ததைச் சொல்வது, குறியில் சேராது. மேலும் தமிழில் ‘நான்’ என்று சொல்லாமலே வினைமுற்று ஆளைக் காட்டிவிடும். அதனால் மாறுதல் தெரிவது அந்த ஈற்றில்தான். தனக்குத் தண்ணீர் வேண்டும்போது “தண்ணி குடிக்கிறியா?” என்று, அம்மா கேட்கும் அதே ராகத்தில், பிள்ளை சொன்னால் அது எழுத வேண்டிய விஷயம். கேட்ட கேள்வியே பதிலாகத் திரும்புகிறது.

வீட்டில் தமிழ், பராமரிப்பு மையத்தில் மலாய், திரையில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளையின் பேச்சைப் பற்றிய கேள்விக்கு மூன்று மொழியையும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டும். தண்ணீரை மலாயில் ‘ஆயர்’ என்று கேட்டாலும் அது பேச்சுதான். பல மொழி கேட்டதால் ஆட்டிசம் வருவதில்லை. வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஒரே மொழிக்கு மாறுங்கள் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். பாட்டிக்குத் தெரிந்த ஒரே மொழியைப் பிடுங்கிவிட்டால், நாள் முழுக்கப் பிள்ளையோடு இருக்கிறவர் பேச்சற்றவராகிறார்.

எஸ்.ஆர்.எஸ்-2 தாளில் 65 வாக்கியங்கள், கடந்த ஆறு மாதத்தைப் பற்றி, ஒவ்வொன்றுக்கும் நான்கு படி. இருபது நிமிடம் வேண்டும். இதன் விடை நேர் மதிப்பெண் அல்ல, ஒரே வயதுக்காரர்களோடு ஒப்பிட்ட எண். சராசரி 50. 59 வரை வழக்கமான எல்லை, 60 முதல் 65 லேசானது, 66 முதல் 75 நடுத்தரம், 76-க்கு மேல் தீவிரம். பள்ளி வயதுப் படிவத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும், பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தனித்தனி அட்டவணை. பெண் பிள்ளையின் தாளை ஆண் பிள்ளை அட்டவணையில் பார்த்துவிட்டால் எண் தவறும். அந்த அட்டவணைகள் அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துச் செய்தவை என்பதையும் மறக்க வேண்டாம். வாட்சாப்பில் சுற்றுகிற இதன் படங்களை நிரப்பிப் பயனில்லை. அட்டவணை இல்லாமல் அந்த 65 டிக்குக்குப் பொருள் கிடையாது.

இன்னொன்று. அடங்காத துறுதுறுப்பு, கடுமையான கோபம், அறிவு வளர்ச்சித் தாமதம் எது இருந்தாலும் இந்த எண் ஏறும். 78 வந்ததால் ஆட்டிசம் தீவிரம் என்று படிக்கக் கூடாது. பிள்ளை வீட்டில் பெரும் சிரமத்தில் இருக்கிறது என்பது மட்டும் அதில் உறுதி.

யார் நிரப்புவது

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிஃப்டில் இருக்கும் அம்மா பிள்ளையை விழித்த நிலையில் பார்ப்பது ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். பாட்டி பார்ப்பது பத்து மணி நேரம். தாளில் கையெழுத்துப் போடுகிறவர் அம்மா. பாட்டிக்குத் தாளின் மொழி தெரியாது. இதற்கு வழி இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து பேசி ஒரே பதிலுக்கு வருவது என்று தோன்றும். அப்படிச் செய்தால் வீட்டில் யார் குரல் பெரியதோ அவர் பதில்தான் தாளில் ஏறும். மருமகள் ‘இல்லை’ என்று நினைத்தாலும் “ஏம்மா, நேத்துகூட செஞ்சானே” என்று அத்தை சொன்னால் பேனா நகர்ந்துவிடும். இரண்டு தாள் எடுங்கள். அம்மா தனியாக ஒன்று. பாட்டியிடம் இன்னொருவர், முடிந்தால் வீட்டு ஆள் அல்லாதவர், வாசித்துக் கேட்டு ஒன்று. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். எந்தெந்தக் கேள்வியில் பதில் வேறுபடுகிறது என்று வட்டமிடுங்கள், டாக்டருக்கு அதுதான் வேண்டும். பாட்டியிடம் கண்ணைப் பார்க்கிற பிள்ளை பராமரிப்பு மையத்தில் பார்ப்பதில்லை என்றால் இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

முதல் பிள்ளை என்றால் ஒப்பிட ஆள் இல்லாததால் எல்லாமே இயல்பாகத் தெரியும். இரண்டாவது என்றால் அக்கா அளவுகோலாகிவிடுவாள், அவள் ஏழு மாதத்தில் பேசினவள் என்று வீட்டில் ஒரு புராணம் இருக்கும். பாலர் பள்ளி ஆசிரியை இருபது பிள்ளையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர். ஆசிரியர் படிவம் இருந்தால் கட்டாயம் வாங்குங்கள்.

‘சில நேரம்’, ‘அடிக்கடி’ என்ற படிகள் உள்ள தாளுக்கு ஒரு சின்ன வேலை: நிரப்பத் தொடங்குமுன் உங்கள் அளவில் இவை எத்தனை என்று முடிவுசெய்து மூலையில் எழுதுங்கள். வாரத்துக்கு ஓரிரு தடவை ‘சில நேரம்’, தினமும் ‘அடிக்கடி’ என்பதுபோல. இது தாளின் விதி அல்ல, உங்கள் கை ஒரே மாதிரி ஓடுவதற்கான கயிறு. அடுத்த தடவை நிரப்பும்போதும் அதையே பயன்படுத்துங்கள்.

மாற்றத்தை அளக்கும்போது

சிகிச்சை தொடங்கிய பிறகு, பலன் இருக்கிறதா என்று பார்க்க ஏடெக் தாளைக் கையில் எடுக்கிறார்கள். பெர்னார்ட் ரிம்லண்டும் ஸ்டீபன் எடல்சனும் 1999-ல் வெளியிட்டது, இலவசம். 77 கேள்விகள், நான்கு பகுதி: பேச்சு 14, பழகுதல் 20, புலனும் புரிதலும் 18, உடல்நலமும் நடத்தையும் 25. மொத்தம் 0 முதல் 179 வரை. எண் குறைந்தால் முன்னேற்றம். பள்ளி மார்க் பழக்கத்தில் ஏறியதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள்.

மொத்த எண்ணை மட்டும் பார்ப்பது இங்கே பெரிய தப்பு. நான்காம் பகுதிக்கு மட்டும் 75 புள்ளி இருக்கிறது. தூக்கம், மலச்சிக்கல், சாப்பாட்டுப் பிடிவாதம் எல்லாம் அதில்தான். மலச்சிக்கலும் தூக்கமும் சாப்பாடும் சரியானதும் மொத்தம் ஏழெட்டுப் புள்ளி இறங்கலாம். பேச்சுப் பகுதி அசைந்திருக்காது. அந்த மூன்று மாதமும் கட்டிய பேச்சுப் பயிற்சிக் கட்டணத்துக்கும் அந்த இறக்கத்துக்கும் சம்பந்தமில்லை. நான்கு பகுதியையும் நான்கு வரியாக எழுதுங்கள்.

அதே ஆள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பழைய தாளைப் பார்க்காமல். காய்ச்சல் வாரம், பள்ளி விடுமுறையின் முதல் வாரம், வீடு மாறிய மாதம் இவற்றில் நிரப்பாதீர்கள். இரண்டு மூன்று புள்ளி ஏறினாலும் இறங்கினாலும் அதற்கு அர்த்தம் தேட வேண்டாம்.

இதைவிட நுட்பமான பொறி ஒன்று இருக்கிறது. பெற்றோர் புதுச் சிகிச்சையைத் தேடி ஓடுவது எப்போது? நிலைமை ரொம்ப மோசமான வாரத்தில். முதல் தாள் அந்த வாரத்தில் நிரப்பப்படுகிறது. மோசமான வாரத்துக்குப் பிறகு, எதுவும் செய்யாவிட்டாலும், பெரும்பாலும் சற்று நல்ல வாரம்தான் வரும். இதோடு பணம் கட்டியவரின் நம்பிக்கையும் சேர்ந்துகொள்ளும். 1990-களின் கடைசியில் செக்ரட்டின் என்ற ஹார்மோன் ஊசி ஆட்டிசத்தைப் போக்குகிறது என்று பெரிய பரபரப்பு. 1999-ல் 60 பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். இரண்டு குழுவிலும் எண்கள் முன்னேறின. உப்பு நீர்க் குழுவைவிட மருந்துக் குழு எந்த வகையிலும் மேலாக இல்லை. அந்தப் பெற்றோர் யாரும் பொய் சொல்லவில்லை. எதிர்பார்ப்போடு பார்க்கிற கண் நல்லதை முதலில் பார்க்கிறது, அவ்வளவுதான். ‘எங்கள் சிகிச்சையில் ஏடெக் 30 புள்ளி குறைந்தது’ என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, முதல் தாளை யார், எந்த வாரத்தில் நிரப்பினார்கள் என்பது. தொடங்குமுன் இரண்டு வாரம் இடைவெளி விட்டு இரண்டு தாள் நிரப்பிவைத்தால், எதுவும் செய்யாமலே உங்கள் கையில் எண் எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்துவிடும்.

டாக்டரிடம் போகும்போது

நிபுணரின் நாள் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. பேச்சுப் பயிற்சிக்கும் செயல்முறைப் பயிற்சிக்கும் (occupational therapy) ஆட்டிசம் என்ற சொல் தாளில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, கிளினிக் டாக்டரிடம் கேட்டு அனுப்புக் கடிதம் வாங்கலாம். எந்தக் கேள்வித்தாளும் தனியாக ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) பதிவுக்குப் போதாது. அதற்கு டாக்டரின் உறுதிப்படுத்தல் வேண்டும். மலேசியாவில் ஆட்டிசம் கற்றல் குறைபாடு என்ற பிரிவில் பதிவாகிறது.

பையில் இருக்க வேண்டியவை: பிள்ளையின் உடல்நலப் பதிவுப் புத்தகம், இதுவரை நிரப்பிய எல்லாத் தாளின் நகல், காது பரிசோதனை முடிவு. கைப்பேசியில் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் நான்கு காணொளி: பேர் சொல்லிக் கூப்பிடுவது, தனியாக விளையாடுவது, சாப்பிடுவது, வேறு பிள்ளைகள் நடுவில் இருப்பது. அழகாக நடந்துகொண்ட நேரத்தை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டாம், உறவினருக்குக் காட்டப்போவதில்லை. ஒவ்வொரு தாளின் மேல் மூலையிலும் தேதி, அன்றைக்குப் பிள்ளையின் வயது மாதத்தில், நிரப்பியவர் யார், எந்த மொழியில் கேட்கப்பட்டது, அந்த வாரம் காய்ச்சல் ஏதும் இருந்ததா என்று ஐந்து சொல் எழுதியிருந்தால், அறைக்குள் கிடைக்கும் இருபது நிமிடத்தில் பத்தை இதையெல்லாம் விளக்குவதில் செலவழிக்க வேண்டியிராது.